57 ஆண்டுகள் நெடுங்கணக்கில் இல்லாதிருந்த ஓர் எழுத்து

உக்ரேனிய நெடுங்கணக்கில் இன்று ஐந்தாவதாக நிற்கும் எழுத்து, 1933 முதல் 1990 வரை சோவியத் உக்ரைனின் பாடநூல்களிலும் அகராதிகளிலும் நாளிதழ்களிலும் இடம்பெறவில்லை. அது வழக்கொழிந்து தானாக மறைந்த எழுத்தன்று. ஒரு குழு கூடி, முடிவெடுத்து, நீக்கியது. சிரில் எழுத்துகளின் வரலாற்றில் நீக்கங்கள் புதியவை அல்ல. 1918இல் ரஷ்ய மொழியிலிருந்தே சில எழுத்துகள் விலக்கப்பட்டன. ஆனால் அங்கு களையப்பட்டது மிகை: ஒரே ஒலிக்கு இரண்டு குறிகள் இருந்தன, ஒன்று போதும் என்றார்கள். உக்ரைனில் நடந்தது அதற்கு நேர்மாறானது. இரண்டு ஒலிகளுக்கு இரண்டு குறிகள் இருந்தன. ஒன்றே போதும் என்றார்கள். ஏன் என்பதே இப்பதிவின் பொருள். சற்று நீளும், பொறுத்தருள்க.

எழுத்தின் வடிவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ‘ட’ நீர்ப்பரப்பில் தலைகீழாக நிழலிடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு நிமிர்கோடு, அதன் உச்சியிலிருந்து வலப்புறம் செல்லும் ஒரு கிடைக்கோடு. கிரேக்கக் காமாவின் வழிவந்த இந்த எழுத்து ரஷ்யம், பல்கேரியம், செர்பியம், உக்ரேனியம் ஆகிய எல்லாவற்றிலும் உண்டு. அந்தக் கிடைக்கோட்டின் வலமுனையில் மேல்நோக்கி ஒரு சிறு கொம்பு வைத்தால் கிடைப்பதே நாம் பேசும் எழுத்து. கொம்பில்லாததை உக்ரேனியர் ‘ஹே’ என்பர். கொம்புள்ளதைக் ‘கே’ என்பர். ‘அங்கே’ என்னும் சொல்லின் இறுதியில் நாம் ஒலிக்கும் அதே ‘கே’. இனி அப்பெயர்களாலேயே குறிப்பிடுகிறேன்.

ஒலிகளைப் புரிந்துகொள்ளத் தமிழே துணை செய்யும். ‘பகல்’, ‘அகம்’ என்று இயல்பான பேச்சில் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் ககரம் வெடிப்பதில்லை. காற்று முழுதும் தடைபடாமல் உரசிக்கொண்டு வெளியேறுகிறது. உக்ரேனிய ‘ஹே’ இதற்கு அணித்தான ஒலி: குரல்வளையில் பிறக்கும் ஒலிப்புடை உரசொலி. ‘தங்கம்’, ‘சங்கு’ ஆகியவற்றில் மெல்லினத்தை அடுத்து வரும் ககரமோ வெடிப்பொலி. ‘கே’ குறிப்பது அதனை. தமிழில் இவ்விரண்டும் ஒரே ஒலியனின் மாற்றொலிகள். எது எங்கே வரும் என்பதைச் சூழலே முடிவு செய்வதால் ஓர் எழுத்துப் போதும். உக்ரேனியத்தில் அவை இரண்டு ஒலியன்கள். ‘ஹ்ராத்தி’ என்றால் விளையாடுதல். ‘க்ராத்தி’ என்றால் சிறைச் சன்னலின் கம்பிகள். ‘ஹ்னித்’ ஒடுக்குமுறை, ‘க்னித்’ விளக்குத்திரி. முதல் ஒலி ஒன்றே பொருளைப் பிரிக்கிறது.

இந்நிலை தொடக்கத்தில் இல்லை. 9ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பல்கேரியப் பேரரசில் சிரில் எழுத்து உருப்பெற்றபோது, காமாவின் வழிவந்த எழுத்து வெடிப்பொலியையே குறித்தது. ஸ்லாவியத்தில் அன்று இருந்தது அதுதான். பின்னர் உக்ரேனியம், பெலாரூசியம், செக், சுலோவாக்கியம் ஆகியவற்றிலும், ரஷ்யத்தின் தென்வட்டார வழக்குகளிலும் வெடிப்பு நெகிழ்ந்து உரசலாயிற்று. உக்ரேனியப் பரப்பில் 13ஆம் நூற்றாண்டளவில் இம்மாற்றம் நிறைவுற்றதாகக் கொள்வர். எழுத்து மாறவில்லை, அதன் மதிப்பு மாறிற்று. மலை என்னும் பொருள்கொண்ட ஒரே எழுத்துக்கூட்டலை ரஷ்யர் வெடிப்பொலியுடன் ‘கரா’ என்றும் உக்ரேனியர் ‘ஹொரா’ என்றும் வாசிப்பது இதனால்தான்.

வெடிப்பொலி விட்டுச் சென்ற இடம் வெறுமையாக நீடிக்கவில்லை. போலிஷ், ஜெர்மன், ஹங்கேரியன், ருமேனியன் ஆகியவற்றிலிருந்து வந்த கடன்சொற்கள் அவ்வொலியைத் திரும்பக் கொணர்ந்தன. மண்ணைக் குறிக்கும் ‘க்ருந்த்’ ஜெர்மனிலிருந்து போலிஷ் வழியே வந்தது. பொத்தானுக்கு ‘குத்சிக்’, வீட்டு வாயிலின் முகப்புக்குக் ‘கானொக்’. இவை புத்தகச் சொற்கள் அல்ல. சட்டையும் வாசலும் நிலமும் சார்ந்த அன்றாடச் சொற்கள். இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது கார்பாத்திய மலைக்குடிகள் வீட்டுத்தலைவனைக் குறிக்க வழங்கும் ‘கஸ்தா’. ஸ்லாவியத்தில் தலைவன் என்னும் பொருளில் இருந்த சொல் ஒன்று ஹங்கேரியனுக்குப் போய், அங்கே வெடிப்பொலி கெடாமல் ‘கஸ்தா’ ஆகி, பிறகு மலைக்கு இப்பால் உக்ரேனியரிடம் கடனாகத் திரும்பியது. ஊரைவிட்டுப் போகாத அதன் உடன்பிறப்பு ‘ஹொஸ்போதார்’ இதற்குள் உரசொலிக்கு மாறிவிட்டிருந்தது. இன்று ஒரே அகராதியில் இரண்டும் வெவ்வேறு எழுத்துகளின் கீழ் இருக்கின்றன. தாய்வீட்டுச் சொல் ஒன்று அயலார் உச்சரிப்போடு விருந்தாளியாய் வந்த கதை.

ஆயினும் ‘கே’ ஒலி முற்றிலும் இரவல் என்று சொல்லிவிட இயலாது. ஈஸ்டர் திருநாளுக்கு உக்ரேனியப் பெயர் ‘வெலிக்தென்’, அதாவது பெருநாள். இதில் எழுதப்படுவது ஒலிப்பிலாக் ககரம். ஆனால் அடுத்து வரும் ஒலிப்புடை மெய்யின் சேர்க்கையால் உச்சரிப்பில் அது ‘கே’யின் ஒலியைப் பெறுகிறது. புணர்ச்சியில் பிறக்கும் இந்த ஒலிக்குக் கடன்சொல் எதுவும் தேவைப்படவில்லை. ‘அயல் ஒலி’ என்ற பிற்காலக் குற்றச்சாட்டைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு ஒலி, ஓர் எழுத்து என்ற நெருக்கடியை முதலில் உணர்ந்தவர்கள் இலக்கணிகள் அல்லர், எழுத்தர்கள். லித்துவேனியப் பெருங்கோமகனின் ஆட்சிப்பரப்பில் அலுவல் மொழியாக விளங்கியது ருத்தேனியம். உக்ரேனியத்துக்கும் பெலாரூசியத்துக்கும் முன்னோடியான எழுத்துமொழி. கெதிமினாஸ் போன்ற லித்துவேனியப் பெயர்களை எழுத நேர்ந்த எழுத்தர்கள், ஒலிப்பிலாக் ககரத்தையும் ‘ஹே’யையும் அடுத்தடுத்து இட்டு ஓர் இரட்டைக் குறியை உண்டாக்கிக்கொண்டார்கள். அரசனின் பெயரைத் தவறாக எழுதிவிடக் கூடாதே! பிற்பாடு கிரேக்கக் காமாவின் வேறொரு வடிவத்தைத் தழுவிய கொம்பெழுத்து தென்படலாயிற்று. 1619இல் வில்னியுஸுக்கு அருகிலுள்ள வியேவிஸில் அச்சான மெலேதியுஸ் ஸ்மோத்ரித்ஸ்கியின் ஸ்லாவிய இலக்கணம் அதற்கு நெடுங்கணக்கில் முறையான இடம் தந்தது. கிழக்கு ஸ்லாவிய நாடுகளில் நெடுங்காலம் பயிலப்பட்ட நூல் அது.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் எழுத்தின் தலைவிதியை ஒலியியல் தீர்மானிக்கவில்லை, எல்லைக்கோடுகள் தீர்மானித்தன. 1708இல் மகா பீட்டர் கொண்டுவந்த குடிமை அச்செழுத்து ரஷ்யத்தின் தேவைக்கானது. அதில் ‘கே’ இல்லை. ரஷ்யப் பேரரசுக்குள் அச்சான உக்ரேனிய நூல்கள் அவ்வச்சையே நம்பியிருந்தன. 1818இல் உக்ரேனியப் பேச்சுமொழிக்கு இலக்கணம் எழுதிய பவ்லோவ்ஸ்கி, அந்தப் பழைய எழுத்தர்களின் இரட்டைக் குறியையே மீண்டும் எடுத்தாண்டார். 1876இல் இரண்டாம் அலெக்சாந்தர் ஜெர்மனியின் எம்ஸ் நகரில் தங்கியிருந்தபோது ஒப்பமிட்ட ஆணை, உக்ரேனிய வெளியீடுகளைப் பெரும்பாலும் தடை செய்ததோடு நில்லாமல், விதிவிலக்காக அனுமதிக்கப்படும் இலக்கியப் படைப்புகளும் பொதுவழக்கிலுள்ள ரஷ்ய எழுத்துமுறையிலிருந்து விலகக் கூடாது என்றது. இந்தக் கூற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னர் தேவைப்படும்.

எல்லைக்கு மேற்கே, ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த கலீசியாவில் நிலைமை வேறு. லிவிவ் நகரில் 1886இல் நிறைவுற்ற ஜெலெஹிவ்ஸ்கியின் அகராதி ஒலிப்புமுறையைத் தழுவிய எழுத்துக்கூட்டலைக் கையாண்டது. ‘கே’ அதில் உண்டு. 1893இல் அது கலீசியப் பள்ளிகளுக்கு உரியதாயிற்று. 1905க்குப் பின் ரஷ்யப் பேரரசில் தடைகள் தளர, 1907 முதல் 1909 வரை போரிஸ் ஹ்ரின்ச்சென்கோவின் நான்கு தொகுதி அகராதி கீவ் நகரில் வெளியாயிற்று. அதிலும் ‘கே’ தனி எழுத்தாக நின்றது. ஆக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபுறத்து அறிஞரும் எழுத்தை ஏற்றுக்கொண்டிருந்தனர். எத்தனை சொற்களில் அதைப் பயன்படுத்துவது என்பதில்தான் பிணக்கு. கிழக்கே, நாட்டார் வழக்கில் வேரூன்றிய சொற்களுக்கு மட்டும். மேற்கே, ஐரோப்பிய மொழிகளிலிருந்து வரும் புதுச்சொற்களுக்கும் சேர்த்து.

இந்தப் பிணக்கைத் தீர்க்க 1927இல் கார்கிவ் நகரில் எழுத்துமுறை மாநாடு கூடியது. கலீசியாவிலிருந்தும் அறிஞர்கள் அழைக்கப்பட்டனர். அதன் விளைவான விதிகளில் கல்வித்துறை மக்கள் ஆணையர் மிகோலா ஸ்க்ரிப்னிக் 1928 செப்டம்பர் 6 அன்று ஒப்பமிட்டார். லெனினோடு இயங்கிய பழைய போல்ஷெவிக் அவர். தேசியவாதி என்று அந்நாளில் எவரும் அவரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாநாடு கண்ட இணக்கம் வினோதமானது: கிரேக்க வழிச் சொற்களுக்கு ‘ஹே’, மேற்கு ஐரோப்பிய வழிச் சொற்களுக்குக் ‘கே’. புவியியல் ‘ஹே’ பெறும். கவிஞர் கெத்தே ‘கே’ பெறுவார். அதாவது எழுதுபவர் சொல்லின் பிறப்பை அறிந்திருக்க வேண்டும். அஞ்சலகத்தில் தந்தி எழுதும் எழுத்தருக்கு இது சுமைதான். தாம் உரசி ஒலிக்கும் சொற்களை வெடிப்பொலி எழுத்தால் எழுத வேண்டியிருந்தது கிழக்கத்தியருக்கு உவக்கவில்லை. மேற்கத்தியருக்கோ இதுவும் போதவில்லை. எந்தக் குழுவும் எல்லாரையும் நிறைவு செய்ய முனைந்தால் இப்படித்தான் ஆகும். இவ்விதிகளைப் புனிதநூலாகக் கொண்டாடுவோர் இன்றும் உள்ளனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. திருத்தங்கள் தேவைப்பட்ட, ஆனால் நேர்மையான ஒரு முயற்சி என்பதே என் மதிப்பீடு.

திருத்தம் வேறு வடிவில் வந்தது. 1932–33இன் பெரும்பஞ்சத்தில் உக்ரேனியச் சிற்றூர்களில் லட்சக்கணக்கானோர் மாண்டுகொண்டிருந்த அதே மாதங்களில், கட்சி ‘மொழிமுனை’யில் எதிரிகளைத் தேடியது. 1933 பிப்ரவரியில் ஸ்க்ரிப்னிக் கல்வித்துறையிலிருந்து அகற்றப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் எழுத்துமுறையும் ஒன்று. இரண்டு ஒலிகளுக்கு லத்தீன் எழுத்துகளைச் சேர்க்கலாம் என்று மாநாட்டுக் காலத்தில் அவர் முன்வைத்து, பின்னர் கைவிடப்பட்ட யோசனையைக்கூடத் தோண்டி எடுத்தார்கள். 1933 ஜூலை 7 அன்று கார்கிவில் அவர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். கல்வித்துறைத் துணை ஆணையர் ஆந்திரி ஹ்விலியாவின் தலைமையில் அமைந்த குழு அதே ஆண்டில் புதிய விதிகளை வெளியிட்டது. ‘கே’ நீக்கப்பட்டது. பழைய விதிகள் உக்ரேனிய மொழியைப் போலந்து, செக் முதலாளித்துவப் பண்பாடுகளின் பக்கம் திருப்பிவிட்டன என்பது சொல்லப்பட்ட காரணம். 1928 விதிகளின் முதன்மைப் பதிப்பாசிரியரான மொழியியலாளர் ஒலெக்சா சின்யாவ்ஸ்கி 1937இல் சுட்டுக்கொல்லப்பட்டார். எழுத்தை நீக்கிய ஹ்விலியாவுக்கும் அதே முடிவுதான், 1938இல்.

இங்கே மொழியியல் மாணவர்களுக்குச் சங்கடமான ஒரு கேள்வி எழுகிறது. ‘கே’யின் செயற்சுமை மிகக் குறைவு. மேலே நான் காட்டியவை போன்ற குறைந்தபட்ச இணைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த எழுத்தின்றியும் எந்த வாக்கியமும் பொருள் மயங்குவது அரிது. சிறைக்கம்பியையும் விளையாட்டையும் சூழல் பிரித்துக் காட்டிவிடும். எனவே ‘இந்த எழுத்து இன்றியமையாததன்று’ என்னும் வாதம், வெறும் ஒலியனியல் வாதமாகக் கொண்டால், பிழையானதன்று. முதுகலை வகுப்பிலும் நாம் அப்படித்தானே படிக்கிறோம்: பேச்சே மொழி, எழுத்து அதன் மேலாடை. ஆடையின் ஒரு பொத்தான் போனால் உடலுக்கு என்ன?

அந்த வாதத்தை 1933இன் பிற திருத்தங்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அதன் திசை தெரியும். ‘கே’ மட்டும் போகவில்லை. கடன்சொற்களில் லகரத்தின் மென்மை, சில வேற்றுமை உருபுகள், கலைச்சொற்கள் என மாற்றங்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலானவை உக்ரேனியத்தை ரஷ்யத்துக்கு நெருக்கமாக நகர்த்தின. ரஷ்யத்தில் இல்லாத ஓர் எழுத்து மறைந்தபின், அச்சான பக்கத்தில் இரு மொழிகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் தூரம் அந்த அளவு குறைந்தது. பொருள் மயக்கத்தைத் தவிர்ப்பது எழுத்தின் ஒரு வேலை மட்டுமே. ‘இது வேறொரு மொழி’ என்று வாசகனின் கண்ணுக்கு அறிவிப்பதும் அதன் வேலை. அந்த இரண்டாவது வேலையைச் செயற்சுமைக் கணக்கு அளப்பதில்லை.

உக்ரேனிய மொழிவரலாற்றில் பேரறிஞரான யூரி ஷெவெலோவ் இதைப் பற்றி வலுவான ஒரு கருத்தை முன்வைத்தார். ஜார் ஆட்சி, போலந்து, ருமேனியா ஆகியன உக்ரேனியத்தின் பயன்பாட்டை வெளியிலிருந்து தடுத்தன; சோவியத் ஆட்சியோ மொழியின் உள்ளமைப்பிலேயே கைவைத்தது; அதுவே புதுமை என்பது அவர் வாதம். பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1876 எம்ஸ் ஆணையின் எழுத்துமுறைக் கூற்று, ஜார் ஆட்சிக்கும் உள்ளமைப்பில் கண் இருந்ததைக் காட்டுகிறது. வேறுபாடு கருவியில் இருந்தது. தணிக்கையாளர் ஒரு நூலைத் திருத்துவார்; சோவியத் அரசிடம் எல்லாப் பள்ளிகளும், எல்லா அச்சகங்களும், எல்லா அகராதிகளும் இருந்தன. 1970 முதல் 1980 வரை வெளிவந்த 11 தொகுதிப் பேரகராதியில் ‘பொத்தான்’, ‘மண்’ என்பன எல்லாம் ‘ஹே’யின் கீழேதான் நின்றன. வீட்டில் பாட்டி சொல்லக் கேட்ட உச்சரிப்பு ஒன்று, பள்ளியில் பார்த்த எழுத்து வேறொன்று. காலப்போக்கில் பலர் எழுத்தையே பின்பற்றி உரசொலியுடன் சொல்லலாயினர். மேலாடை உடலையும் மாற்றியது.

மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குடியேறிய உக்ரேனியர் 1928 விதிகளையே தொடர்ந்தனர். ஒரு நூலைத் திறந்தவுடன் கொம்பெழுத்து கண்ணில் பட்டால் அது எங்கே அச்சானது என்று ஊகித்துவிடலாம். அவ்வெழுத்தை விடாமல் வைத்திருப்பதே ஒரு நிலைப்பாடாகிவிட்டது.

நீக்கத்தின் ஒரு சுவடு இன்னும் நம் கைபேசிகளில் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8859-5 என்னும் சிரில் குறியீட்டுத் தரம் சோவியத் தரத்தை ஒட்டியது. உக்ரேனியத்துக்கே உரிய வேறு எழுத்துகள் அதில் உண்டு, ‘கே’ இல்லை. அன்றைய சட்டப்படி அது உக்ரேனிய எழுத்தே அன்று! யூனிகோடு அந்தத் தரத்தின் வரிசையைத் தன் சிரில் பகுதியின் தொடக்கத்தில் அப்படியே ஏற்றுக்கொண்டது. அதனால் ‘கே’ தன் உடன்பிறப்புகளோடு சேராமல், தள்ளி, 0490, 0491 என்னும் எண்களில் அமர்ந்திருக்கிறது. குறியெண் வரிசையில் மட்டும் சொற்களை அடுக்கினால் ஐந்தாம் எழுத்து கடைசிக்குப் போய்விடும். அதைச் சரிசெய்யத் தனி விதி வேண்டும். கார்கிவில் ஒரு குழு எடுத்த முடிவு, அக்குழுவினர் கற்பனை செய்திராத கருவிகளுக்குள் இப்படிக் குடிபுகுந்தது.

1990இல் வெளியான எழுத்துமுறை விதிகள் ‘கே’யைத் திரும்பக் கொணர்ந்தன. சோவியத் ஒன்றியம் அப்போது கலைந்திருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. திரும்பியது குறைந்த அளவில்தான்: பழைய கடன்சொற்கள், ஒலிக்குறிப்புச் சொற்கள், சில பெயர்கள். 2019 விதிகள் கூடுதல் இடம் தந்தன. ஹெகல், கார்சியா போன்ற அயற்பெயர்களை இரண்டு எழுத்துகளில் எதைக் கொண்டும் எழுதலாம் என்கின்றன. 1927இல் தீராத பிணக்கை இரண்டும் சரி என்று சொல்லி முடித்துவைத்தார்கள். சொற்பிறப்பு அறியாத எழுத்தருக்கு இப்போது சிக்கல் இல்லை. பெலாரூசியத்தின் அலுவல்முறை நெடுங்கணக்கில் இன்றளவும் இவ்வெழுத்துக்கு இடமில்லை.

செய்தி மொழிபெயர்க்கும் நண்பர்களுக்காக ஒன்று. உக்ரேனிய ஊர்ப்பெயர்களில் பெரும்பாலும் வருவது ‘ஹே’தான். ரஷ்ய வழியில் எழுதினால் லுகான்ஸ்க், செர்னிகோவ். உக்ரேனிய வழியில் லுஹான்ஸ்க், செர்னிஹிவ். ஆங்கில ஏடுகளில் எந்த வடிவத்தைத் தேர்கிறோம் என்பதே ஒரு நிலைப்பாடாகப் பார்க்கப்படுகிறது. தமிழில் நாம் ‘லுகான்ஸ்க்’ என்று எழுதினாலும், உயிர்களுக்கு இடைப்பட்ட ககரத்தை உரசியே ஒலிப்பதால், வாசிக்கும்போது உக்ரேனிய உச்சரிப்புக்குத்தான் அருகில் போய்விடுகிறோம். ‘செர்னிகோவ்’ விஷயத்தில் அந்த வசதியும் இல்லை. அங்கே ஓகாரம் காட்டிக்கொடுத்துவிடும்.